வைஃபை போட்டால் மருந்து பற்றிக்கொள்ளுமா?

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது மாமா என்னிடம் கேட்ட கேள்விதான் தலைப்பு. மாமா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன பட்டாசு ஆபீஸில் கணக்குப் பார்க்கிறார். (வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் பக்கத்தில் பட்டாசு ஆலை, தீப்பெட்டி ஆலை எல்லாமே 'ஆபீஸ்'தான். கணக்கு எழுதுகிற அறைக்குப் பெயர் 'கணக்கு ரூம்'.) அந்த ஆபீஸில் கணக்கு ரூம் ஒரு கோடியில், மெயின் கேட் இன்னொரு கோடியில். நடுவில் சுமார் முன்னூறு மீட்டர். கேட்டில் ஒரு கேமரா வைத்து, அதைக் கணக்கு ரூமிலிருந்தே பார்க்க வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. அந்த வேலை மாமா தலையில் விழுந்தது. கம்ப்யூட்டர் படித்த மருமகன் இருக்கிறானே என்று மாமா அதை என் தலையில் போட்டார்.

"மாப்ள, ஒன்னு கேக்கேன், சிரிக்காம சொல்லு. வைஃபை போட்டா மருந்து பத்திக்கிடுமா?"

நான் சிரித்துவிட்டேன். "அதெல்லாம் ஒன்னும் ஆகாது மாமா."

"எப்படிச் சொல்ற?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பன்னிரண்டு வருடமாக நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். ஆனால் அந்த 'எப்படி'க்கு என்னிடம் நேரடியான பதில் இல்லை. எங்கள் ஊரில் ஒருத்தர் 'ஒன்னும் ஆகாது' என்று சொல்வதும், அதைக் கேட்டு இன்னொருத்தர் வேலைக்கு உள்ளே போவதும் சின்ன விஷயம் இல்லை. எந்தத் தெருவில் கேட்டாலும் ஒரு விபத்தின் தேதியைச் சொல்வார்கள். அதனால் ஊரிலிருந்து திரும்பியதும் உட்கார்ந்து படித்தேன். இது அந்தக் குறிப்புகள். நெட்வொர்க் என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்குகிறேன். மாமாவும் இதைப் படிப்பார்.

லாரி புக்கிங் ஆபீஸும் ரவுட்டரும்

நெட்வொர்க் என்பது ரொம்பப் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. இரண்டு கருவிகள் தங்களுக்குள் தகவலைக் கொடுத்து வாங்கிக்கொள்ள ஒரு பாதையும், எப்படிக் கொடுத்து வாங்குவது என்ற ஒப்பந்தமும் இருந்தால் அதுதான் நெட்வொர்க்.

சிவகாசியில் லாரி புக்கிங் ஆபீஸைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரு லோடு சரக்கை அப்படியே மொத்தமாக அனுப்ப மாட்டார்கள். அட்டைப்பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியிலும் யார் அனுப்புகிறார்கள், யாருக்குப் போகிறது, மொத்தம் எத்தனை பெட்டியில் இது எத்தனையாவது என்று எழுதுவார்கள். நெட்வொர்க்கிலும் அதேதான். நீங்கள் வாட்ஸப்பில் அனுப்புகிற ஒரு போட்டோ சிறு சிறு துண்டுகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு துண்டுக்கும் பாக்கெட் என்று பெயர். ஒரு பாக்கெட்டில் பொதுவாக 1,500 பைட் வரைக்கும்தான் ஏற்றுவார்கள். 3 எம்.பி. போட்டோ என்றால் சுமார் 2,000 பாக்கெட்.

ஏன் பிரிக்க வேண்டும்? ஒரு பெட்டி வழியில் காணாமல் போனால் அந்த ஒன்றை மட்டும் திரும்ப அனுப்பினால் போதும். இன்னொன்று, ஒரே பாதையைப் பல பேர் பங்கு போட்டுக்கொள்ளலாம். உங்கள் பெட்டி ஒன்று, என் பெட்டி ஒன்று என்று மாற்றி மாற்றி ஏற்றலாம். ஒருத்தர் சரக்கு முழுக்கப் போய்ச் சேரும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டியதில்லை.

பெட்டி மேல் எழுதுகிற விலாசம்தான் ஐ.பி. முகவரி. பழைய முறையில் அது நான்கு எண்கள் சேர்ந்தது, 192.168.1.20 என்பது மாதிரி. இந்த முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிதான் கிடைக்கும். உலகத்தில் இருக்கிற எல்லாக் கருவிக்கும் அது காணாது. அதனால் ஒரு ஏற்பாடு செய்தார்கள். வெளியுலகத்துக்கு உங்கள் ஆபீஸுக்கு ஒரே விலாசம். உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா ஒவ்வொன்றுக்கும் உள்ளூர் விலாசம். சரக்கு கேட்டுக்கு வந்து சேரும். எந்த ரூமுக்குப் போக வேண்டும் என்று உள்ளே ஒருத்தர் பார்த்து அனுப்புவார். அந்த ஒருத்தர்தான் ரவுட்டர். 192.168 என்று ஆரம்பிக்கிற எண்ணை எந்த ஊர் வீட்டிலும் பார்க்கலாம். அது உள்ளூர் விலாசம், அந்தக் காம்பவுண்டைத் தாண்டினால் செல்லாது.

ரவுட்டர் வேறு, சுவிட்ச் வேறு. ஒரே காம்பவுண்டுக்குள் கருவிகளைச் சேர்த்து வைப்பது சுவிட்ச். ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொரு நெட்வொர்க்குக்கு வழி சொல்லி அனுப்புவது ரவுட்டர். வீட்டில் வைத்திருக்கிற அந்தக் கொம்பு முளைத்த பெட்டிக்குள் ரவுட்டர், சுவிட்ச், வைஃபை மூன்றும் சேர்ந்தே இருக்கின்றன. அதனால்தான் நாம் எல்லாவற்றையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மாமாவின் கேமரா கணக்கு ரூமுக்குப் படம் அனுப்ப இன்டர்நெட்டே வேண்டியதில்லை. இரண்டும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கின்றன. உள்ளூர் விலாசமே போதும். மாமா ஊருக்குப் போயிருக்கும்போது செல்போனில் பார்க்க வேண்டும் என்றால்தான் இன்டர்நெட். 'நெட் வரலை' என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: காம்பவுண்டுக்குள் போகவில்லையா, வெளியே போகவில்லையா?

மூன்று பாதை

பாக்கெட் என்பது கடைசியில் ஒன்றும் சைபரும்தான். அந்த ஒன்றையும் சைபரையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக மூன்று வழி உண்டு.

முதலாவது செம்புக் கம்பி. நீல நிறத்தில், சாம்பல் நிறத்தில் வருகிற ஈதர்நெட் கேபிள். மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கிச் சேதி சொல்கிறோம். மலிவு, நம்பகமானது. ஆனால் 100 மீட்டர்தான் கணக்கு. அதற்கு மேல் போனால் சேதி தேய்ந்து போகும்.

இரண்டாவது ஃபைபர். முடி அளவு கண்ணாடி இழைக்குள் ஒளியை அனுப்புகிறோம். கிலோமீட்டர் கணக்கில் போகும். அந்த இழைக்குள் மின்சாரமே கிடையாது. இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

மூன்றாவது வயர்லெஸ். ரேடியோ அலை. எஃப்.எம். ரேடியோ, செல்போன், புளூடூத், வைஃபை எல்லாம் ஒரே குடும்பம். நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதில்தான் வித்தியாசம். வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 240 கோடி முறை அதிர்கிறது. அல்லது 5 கிகாஹெர்ட்ஸில். முதல் வகையின் அலைநீளம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர், ஒரு சாண் கூட இல்லை. இரண்டாவது அதில் பாதி. நீளமான அலை சுவரைக் கொஞ்சம் நன்றாகத் தாண்டும். குட்டை அலையில் வேகம் அதிகம் கிடைக்கும், ஆனால் சுவரிடம் சீக்கிரம் தோற்றுவிடும்.

வயர்லெஸ் என்றால் எங்கும் வயரே இல்லை என்று ஒரு நினைப்பு இருக்கிறது. உங்கள் செல்போனிலிருந்து ரவுட்டர் வரைக்கும், அல்லது டவர் வரைக்கும்தான் பெரும்பாலும் காற்று. அதற்குப் பிறகு நாடு முழுக்க, கடலுக்கு அடியில் எல்லாம் ஃபைபர்தான்.

1895-இல் வெடித்த மருந்து

இப்போது மாமாவின் கேள்விக்கு வருகிறேன். படிக்கத் தொடங்கியதும் என் சிரிப்பை நிறுத்திய ஒரு சம்பவம் கிடைத்தது. ரேடியோ அலையை வைத்து வெடிமருந்தைப் பற்றவைத்துக் காட்டியவர் ஒருவர் நம் நாட்டிலேயே இருந்திருக்கிறார். ஜகதீச சந்திர போஸ். செடிகளுக்கும் உணர்வு உண்டு என்று சொன்னவராகப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போமே, அவரேதான்.

1895-இல் கல்கத்தா டவுன் ஹாலில், வங்காளத்தின் துணைநிலை ஆளுநர் முன்னிலையில், போஸ் ஒரு செயல்விளக்கம் நடத்தினார். ஓரிடத்தில் மின்காந்த அலையை உண்டாக்கினார். அது நடுவில் இருந்த சுவரைத் தாண்டிப் போய், வேறொரு அறையில் ஒரு மணியை அடித்தது, கொஞ்சம் வெடிமருந்தையும் வெடிக்க வைத்தது. இரண்டுக்கும் நடுவில் கம்பி எதுவும் இல்லை. மார்க்கோனியின் பெயர் உலகம் முழுக்கப் பரவுவதற்கு முந்தைய காலம் அது.

அப்படியானால் மாமா பயந்தது சரிதானா?

போஸ் எப்படிச் செய்தார் என்று பார்த்தால் விடை அதிலேயே இருக்கிறது. அலை நேராகப் போய் மருந்தைச் சுடவில்லை. அந்தப் பக்கம் அலையை உணர்கிற ஒரு கருவி இருந்தது. அலை பட்டதும் அதன் மின்தடை குறையும். உடனே பேட்டரியோடு சேர்ந்த ஒரு சுற்று மூடிக்கொள்ளும். அந்தப் பேட்டரியின் மின்சாரம்தான் மணியை அடித்தது, மருந்தையும் பற்றவைத்தது. அலை கொண்டுபோனது 'இப்போது' என்ற ஒரு சொல்லை மட்டும். வேலையைச் செய்தது அங்கே ஏற்கெனவே காத்திருந்த மின்சாரம்.

இந்த ஒரு வரி புரிந்தால் வயர்லெஸ் முழுக்கப் புரிந்த மாதிரிதான். அலை சேதியைத் தூக்கிக்கொண்டு போகிறது. சக்தி எல்லாம் இரண்டு முனையிலும் இருக்கிறது. நம் செல்போனும் அப்படித்தான்: டவரிலிருந்து வருகிற அலை ஸ்பீக்கரை இயக்குவதில்லை, உங்கள் பேட்டரிதான் இயக்குகிறது. அதனால்தான் சார்ஜ் இறங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

'அலை சேதி மட்டும்தான்' என்று வாயால் சொன்னால் மாமா ஒப்புக்கொள்ள மாட்டார். கணக்குப்பிள்ளை. எண் வேண்டும்.

வீட்டு வைஃபை ரவுட்டர் சுமார் 100 மில்லிவாட் சக்தியில் அலையை வெளியிடுகிறது. ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு. அதுவும் ஒரே பக்கமாகப் போகாது, எல்லாப் பக்கமும் பரவிவிடும். தூரம் இரண்டு மடங்கானால் வலிமை நான்கில் ஒரு பங்கு, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. உங்கள் செல்போனில் வைஃபை நன்றாகவே எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது அது உள்வாங்குகிற சக்தி ஒரு நானோவாட் அளவில் இருக்கும். அதாவது ஒரு வாட்டின் நூறு கோடியில் ஒரு பங்கு. ரவுட்டர் விட்டதில் பத்துக் கோடியில் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது. அந்தத் துளியை வைத்துக்கொண்டு அது வீடியோவே காட்டுகிறது என்பதுதான் உண்மையான ஆச்சரியம்.

இதை ஒரு தீப்பொறியோடு ஒப்பிடலாம். நைலான் துணி உடுத்தி நடந்தால் உடம்பில் நிலைமின்சாரம் சேரும். வறண்ட காற்றில் கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் 'சுரீர்' என்று இழுக்கிறதே, அதுதான். அந்தப் பொறியில் சில மில்லிஜூல் சக்தி இருக்கலாம். ஒரு நானோவாட் அலை ஒரே ஒரு மில்லிஜூலைச் சேர்க்க வேண்டும் என்றால் பத்து லட்சம் நொடி ஆகும். பதினொன்றரை நாள். அதுவும் ஒன்றும் சிந்தாமல் சேர்ந்தால்தான். நிஜத்தில் எதுவும் சேராது, வந்த உடனே கலைந்துவிடும். நிலைமின்சாரப் பொறியோ அத்தனையையும் ஒரு ஊசிமுனையில், இமைக்கும் நேரத்துக்குள் கொட்டிவிடும். மருந்து பற்றுவதற்கு அதுதான் வேண்டும்.

'மைக்ரோவேவ் அடுப்பும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ்தானே, அது சோற்றையே சுட வைக்கிறதே' என்று தம்பி ஒருத்தன் மடக்கினான். நல்ல கேள்வி. அந்த அடுப்பு சுமார் 800 வாட்டை ஒரு இரும்புப் பெட்டிக்குள் அடைத்து வைக்கிறது. ரவுட்டரைப் போல 8,000 மடங்கு, அதுவும் வெளியே விடாமல். ஒரே ஜாதி அலைதான், ஆனால் அளவு வேறு. ஒரு சொட்டுத் தண்ணீரும் வைப்பாற்று வெள்ளமும் மாதிரி.

ஒரு விதிவிலக்கு உண்டு. மின்சாரத்தால் வெடிக்க வைக்கிற டெட்டனேட்டர். கல் குவாரியிலும் கிணறு வெட்டும் இடத்திலும் பயன்படுகிறது. அதிலிருந்து இரண்டு நீளமான கம்பி வெளியே வரும். அந்தக் கம்பியே ஆன்டெனா மாதிரி அலையைப் பிடித்து, உள்ளே இருக்கிற மெல்லிய இழையைச் சூடாக்க வாய்ப்பு உண்டு. சக்தி வாய்ந்த ஒலிபரப்பிக்கு அருகில் அது உண்மையான ஆபத்து. அதனால்தான் வெடி வைக்கிற இடத்தில் வாக்கிடாக்கி, செல்போனை அணைக்கச் சொல்லிப் பலகை வைக்கிறார்கள். மேடை நிகழ்ச்சிகளில் பட்டனை அழுத்திப் பட்டாசு விடுகிறார்களே, அந்த மின்திரிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இங்கேயும் பாருங்கள், போஸ் வைத்த அதே அமைப்புதான்: அலைக்காகக் காத்திருக்கிற ஒரு மின்சுற்று.

அப்படியானால் செல்போனை ஏன் வாங்கி வைக்கிறார்கள்?

மருந்து ரூம் பக்கம் போகிறவர்களிடம் செல்போன், தீப்பெட்டி எல்லாவற்றையும் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். மேலே சொன்ன கணக்கைப் படித்துவிட்டு 'அப்போ போனைக் கொண்டுபோனா ஒன்னும் ஆகாது' என்று யாராவது நினைத்தால் அது என் எழுத்தின் தவறு. அந்தத் தடை மிகச் சரி. காரணம் மட்டும்தான் நாம் நினைக்கிற காரணம் இல்லை.

போனுக்கு வந்து சேர்கிற அலை நானோவாட் கணக்கு. ஆனால் அதே போனுக்குள் இருக்கிற பேட்டரியில் சுமார் 55,000 ஜூல் சக்தி அடைபட்டிருக்கிறது. கீழே விழுந்து நசுங்கினால், உள்ளே ஷார்ட் ஆனால், அது நெருப்பாகவே வரும். பக்கத்தில் அலுமினியப் பவுடர் மிதக்கிற காற்று. போதாக்குறைக்கு, போன் அடித்தால் கை நடுங்கும், கவனம் சிதறும். மருந்து அடைக்கிற கைக்குக் கவனம்தான் முதல் பாதுகாப்பு. அங்கே வெறுங்காலோடு நடக்கச் சொல்வதும், பருத்தித் துணி உடுத்தச் சொல்வதும், உள்ளே நுழையும் முன் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகச் சொல்வதும் இதே நிலைமின்சாரத்துக்காகத்தான்.

வைஃபைக்கும் இதே மாதிரிதான் யோசிக்க வேண்டும். நான் 'ஒன்னும் ஆகாது' என்று சொன்னபோது அலையை மட்டும் நினைத்திருந்தேன். ஆனால் 'வைஃபை போடுவது' என்றால் அலை மட்டுமா? ஒரு பெட்டி, அதற்கு ஒரு அடாப்டர், அதற்கு ஒரு பிளக் பாயின்ட், அதுவரைக்கும் இழுத்த கரண்ட் வயர், மேலே தூக்கி நிறுத்திய ஒரு இரும்புக் குழாய். தளர்ந்த பிளக்கில் பொறி வரும், அடாப்டர் சூடாகும். பகல் வெளிச்சத்திலேயே வேலையை முடிக்கிற அறைகளுக்குப் பக்கத்தில் இவ்வளவையும் கொண்டுபோய் வைத்தால், ஆபத்தை நாமே வயர் இழுத்துக் கொடுத்த மாதிரி. ஆக, மாமாவின் கேள்விக்கு என் முதல் பதில் பாதிதான் சரி.

இடி

இன்னொரு பாதி வானத்திலிருந்து வருகிறது. ஐப்பசி அடைமழையிலும் சித்திரைக் கோடை மழையிலும் எங்கள் கரிசல் காட்டில் இடி எப்படி இறங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மரம் குறைவு, கண்ணுக்கு எட்டிய தூரம் பொட்டல். ஒரு மின்னலில் சாதாரணமாகவே 30,000 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் பாயும். அது நேராக விழ வேண்டும் என்று கூட இல்லை. பக்கத்தில் விழுந்தாலே, தரையில் நீளமாகக் கிடக்கிற செம்புக் கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டிவிடும். அந்தக் கம்பி எந்தக் கட்டடத்துக்குள் போகிறதோ அங்கே கொண்டுபோய் இறக்கும். மழைக்காலம் முடிந்ததும் ஊரில் எத்தனை மோடம், டி.வி. கருகிக் கிடக்கும் என்று பார்த்தால் தெரியும்.

வீட்டில் மோடம் போனால் பணத்தோடு போகும். பட்டாசு ஆபீஸில் அப்படிச் சொல்ல முடியாது. அதனால் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் செம்புக் கேபிள் இழுப்பதை நான் முதலிலேயே அடித்துவிட்டேன். 300 மீட்டருக்கு அது எப்படியும் எட்டாது. மிச்சம் இரண்டு: ஃபைபர், அல்லது காற்று.

ஃபைபரில் மின்சாரம் ஓடாது என்று முன்பே சொன்னேன். கண்ணாடி, இடியைக் கடத்தாது. ஆனால் கடையில் 'ஃபைபர்' என்று கேட்டால் எலி கடிக்காமல் இருக்க இரும்புத் தகடு சுற்றிய கேபிளையும் கொடுப்பார்கள். தாங்குவதற்கு உள்ளே இரும்புக் கம்பி வைத்த வகையும் உண்டு. அதை இழுத்தால் செம்பை இழுத்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. உலோகமே இல்லாத வகை என்று கேட்டு வாங்க வேண்டும்.

தேனியில் கற்றுக்கொண்டது

காற்று வழியாக 300 மீட்டர் வைஃபை போகுமா? போகும். இதற்கு ரொம்ப தூரம் தேட வேண்டியதில்லை, தேனியிலேயே சான்று இருக்கிறது.

2005-06 வாக்கில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை சுற்று ஊர்களில் சின்னக் கண் மையங்களைத் தொடங்கியது. மையத்தில் டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைச் சோதிப்பார். பிறகு நோயாளி அங்கேயே உட்கார்ந்து, தேனியில் இருக்கிற டாக்டரோடு வீடியோவில் பேசுவார். கண்ணாடி போதுமா, ஆபரேஷனா என்று டாக்டர் சொல்லிவிடுவார். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் மிச்சம். ஆனால் அப்போது அந்தக் கிராமங்களில் வீடியோ தாங்குகிற இன்டர்நெட் கிடையாது. பெர்க்லியில் இருக்கிற கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், எரிக் புரூவர் தலைமையிலான குழு, சாதாரண வைஃபை அட்டையை எடுத்து, டவர்களில் ஒரே திசையைப் பார்க்கிற ஆன்டெனாவோடு இணைத்தார்கள். ஒரு கிலோமீட்டரிலிருந்து 15 கிலோமீட்டர் வரைக்கும் இணைப்புகள். 2005-இல்தான் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை உரிமம் இல்லாமல் பயன்படுத்த வழி விட்டிருந்தது. இந்த வேலைக்கு அது வசதியாகப் போயிற்று.

ஆன்டெனாவை மாற்றினால் மட்டும் போதவில்லை. வைஃபையின் பழக்கத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. வைஃபை பேசுவதற்கு முன்னால் 'வேறு யாராவது பேசுகிறார்களா' என்று காது கொடுத்துக் கேட்கும். ஒரு பாக்கெட் அனுப்பியதும் 'கிடைத்தது' என்ற பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருக்கும். வராவிட்டால் திரும்ப அனுப்பும். வீட்டுக்குள் இது சரி. ரேடியோ அலை 300 மீட்டர் போக ஒரு மைக்ரோ நொடி ஆகிறது. 15 கிலோமீட்டர் என்றால் போக 50, வர 50. பதில் வந்து சேர்வதற்குள் வைஃபை பொறுமை இழந்து அதையே திரும்ப அனுப்பத் தொடங்கிவிடும். அதனால் அந்தக் குழு, கேட்டுப் பேசுகிற முறையை விட்டுவிட்டு, 'இவ்வளவு நேரம் நீ, இவ்வளவு நேரம் நான்' என்று முறை வைத்துப் பேச வைத்தது. கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைப்பது மாதிரி. 2007-இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது 2008-இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு கட்டுரை. வருடக்கணக்கில் இந்த இணைப்புகளை ஓட்டியதில் எது அதிகம் கெட்டுப் போனது என்று எழுதியிருந்தார்கள். அலை இல்லை, மழை இல்லை. மின்சாரம்தான். ஏறி இறங்குகிற வோல்டேஜ் அடாப்டர்களை எரித்தது, பெட்டிகளைப் பாதியில் நிறுத்தி அவற்றின் நினைவகத்தைக் கெடுத்தது. திரும்பவும் அதே இடத்துக்கு வந்துவிட்டோம்: அலை பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, தொல்லை எல்லாம் முனையில் இருக்கிற கரண்ட்டில்.

மாமாவின் 300 மீட்டருக்கு வைஃபைக்கு எந்தப் பழக்கத்தையும் மாற்ற வேண்டியதில்லை. போக ஒரு மைக்ரோ நொடி, வர ஒன்று. ஆனால் இரண்டு ஆன்டெனாவும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். வெறும் நேர்கோடு தெரிந்தால் போதாது. அலை நடுவில் கொஞ்சம் அகன்றுதான் போகும். 300 மீட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு நடுப்பாதையில் எல்லாப் பக்கமும் சுமார் 3 மீட்டர், 5 கிகாஹெர்ட்ஸுக்கு சுமார் 2 மீட்டர் வெட்டவெளி வேண்டும். நடுவில் வேலிக்கருவேலம் மண்டிக்கிடக்கிறது. அதைத் தாண்ட வேண்டும் என்றால் இரண்டு பக்கமும் உயரமான இரும்புக் குழாய். அந்தப் பொட்டலில் உயரமான இரும்பு என்றால் இடிக்கு நாமே இடம் காட்டுவது. பட்டாசு ஆபீஸில் உரிமத்துக்குக் கொடுத்த வரைபடத்தில் இல்லாத எதையும் இஷ்டத்துக்குக் கட்டவும் முடியாது, அதற்கு வெடிபொருள் துறையின் அனுமதி வேண்டும்.

என்ன முடிவு செய்தோம்

ஃபைபர். உலோகம் இல்லாத கேபிள், மருந்து ரூம்கள் பக்கமே போகாமல், ரோட்டோரக் காம்பவுண்டை ஒட்டிக் குழாய்க்குள். கேட்டில் வாட்ச்மேன் ரூமில் ஏற்கெனவே கரண்ட் இருக்கிறது, கேமராவுக்கு அதிலிருந்தே. இரண்டு முனையிலும் ஒளியை மின்சாரமாக மாற்றுகிற சின்னப் பெட்டி, எர்த்தோடு சேர்ந்த சர்ஜ் தடுப்பான், ஒரு யு.பி.எஸ். வைஃபை கணக்கு ரூமுக்குள் மட்டும். வேலையைத் தொடங்கும் முன் போர்மேனிடமும், ஆபீஸுக்கு வழக்கமாக வருகிற லைசென்ஸ் எலக்ட்ரீசியனிடமும் வரைபடத்தைக் காட்டி, அனுமதி வாங்க வேண்டியதை வாங்கும்படி மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அங்கே நான் விருந்தாளி.

இதை எல்லாம் போனில் விளக்கி முடித்தபோது மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அன்னைக்குச் சிரிச்சியே மாப்ள, இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல."

அன்றைக்கு எனக்கே தெரியாது மாமா என்றேன். அதற்கு அவர் சிரித்தார்.

உங்கள் ஊரில் யாராவது இப்படிக் கேட்டால், கேள்வியை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: அலை என்ன செய்யும், அலையை உண்டாக்குகிற கருவி என்ன செய்யும், அந்தக் கருவிக்குக் கரண்ட் கொண்டுவருகிற கம்பி என்ன செய்யும். நான் முதலாவதோடு நிறுத்திக்கொண்டேன். மூன்றையும் கேட்டுவிட்டு அப்புறம் 'ஒன்னும் ஆகாது' என்று சொல்லுங்கள். கணக்கில் எங்காவது பிழை இருந்தால் எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன்.